அந்தக் கால அவுட்போர்டு ரேஸ்: வேகம் எஞ்சினிலா, புரொப்பலரிலா?

விஸ்கான்சின்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய எஞ்சின் பகுதியில் கார், பைக், பம்ப்செட் எல்லாம் பேசியாகிவிட்டது. படகு எஞ்சினை இன்னும் யாரும் தொடவில்லை, அதனால் இந்த இழை.

நான் இருப்பது அமெரிக்காவில், மில்வாக்கிக்குப் பக்கத்தில். படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சினான அவுட்போர்டு மோட்டாருக்கு இந்த வட்டாரம்தான் தாய்வீடு. நார்வேயில் பிறந்து சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்த ஓலே எவின்ரூட், 1909இல் மில்வாக்கியில்தான் தன் மோட்டாரை விற்க ஆரம்பித்தார். ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு. 30 வருஷம் கழித்து, 1939இல், பக்கத்து ஊரான சீடர்பர்க்கில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை கார்ல் கீக்ஹேஃபர் வாங்கினார். உள்ளே தேங்கிக் கிடந்தவை சரியாக ஓடாமல் திரும்பி வந்த அவுட்போர்டுகள். அவற்றைச் சரிபண்ணி விற்றதில்தான் மெர்க்குரி கம்பெனி தொடங்கியது.

எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம், அந்த மோட்டார்களை வாங்கிய சாதாரண ஆட்கள் அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்பது. 1920களிலிருந்து 60கள் வரை அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் வார இறுதியில் அவுட்போர்டு பந்தயம் நடக்கும். ஓட்டியவர்களில் மெக்கானிக், தச்சர், கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூடப் பையன் என்று எல்லா வகையும் உண்டு. இதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது. இரண்டு திருகைத் தளர்த்தினால் எஞ்சின் படகிலிருந்து கழன்று வந்துவிடும். தோளில் தூக்கி வீட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குக் கொண்டு போகலாம். குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும்போது பிரித்துப் போட்டு வேலை பார்க்கலாம். படகும் அப்படித்தான்: பிளைவுட்டில், கார் ஷெட்டிலேயே செய்துவிடலாம். முடிந்ததும் கார் கூரை மேல் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிவு பிரித்தார்கள். ஏ பிரிவு 15 கன அங்குலம், பி 20, சி 30, டி 40 சுமாருக்கு. நம் கணக்கில் ஏ என்றால் கிட்டத்தட்ட 250 சிசி, சி என்றால் 500 சிசி. 1903இல் தொடங்கிய அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் நடத்திய பந்தயங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி உண்டு. முதல் ஆளுக்கு 400, அடுத்து 300, அப்புறம் 225, 169. ஒவ்வொன்றும் முந்தையதில் முக்கால் பங்கு. ஒரு சுற்றில் ஜெயித்து இன்னொன்றில் எஞ்சின் நின்றுபோனவனை, இரண்டிலும் மூன்றாவதாக வந்தவன் புள்ளியில் தாண்டிவிடுவான். அதனால் எஞ்சின் வேகமாக ஓடினால் மட்டும் போதாது, கரை வந்து சேரவும் வேண்டும்.

என் கேள்வி இதுதான்: அந்தக் காலத்து ஆட்களுக்கு வேகம் எங்கிருந்து வந்தது? எஞ்சினிலிருந்தா, புரொப்பலரிலிருந்தா, படகிலிருந்தா?

---

சோழவரம்_ரசிகன் எழுதியது:

அருமையான இழை சார். இந்த மோட்டார் எல்லாம் டூ ஸ்ட்ரோக் என்றால் இதெல்லாம் நாங்கள் ஆர்எக்ஸ் 100, ஆர்டி 350 பைக்குகளுக்கு செய்த அதே வேலைதானே? சிலிண்டர் சுவரில் இருக்கும் துளையை, அதாவது போர்ட்டை, அரம் வைத்து ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ஹெட்டைக் கொஞ்சம் கடைந்து, ஜெட்டை மாற்றி. சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் நடந்த சோழவரம் ரன்வேயில் ஓடின வண்டிகளின் சூட்சுமமே எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் இருந்தது.

பெட்ரோலில்தான் ஓட்டினார்களா?

---

விஸ்கான்சின்வாசி எழுதியது:

தம்பி, அடிப்படை அதேதான். ஆனால் எரிபொருளில் பெரிய வித்தியாசம் உண்டு. கடை எஞ்சினை ஓட்டும் ஸ்டாக் பிரிவில் பெட்ரோல். மாற்றம் செய்ய அனுமதி இருந்த பிரிவுகளில் மெத்தனால், அதோடு விளக்கெண்ணெய்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நம் வீட்டு ஆமணக்கெண்ணெய்தான். சாதாரண மினரல் ஆயில் மெத்தனாலில் கரையாது, பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் நன்றாகக் கலக்கும், சூட்டிலும் பிஸ்டன் சுவரை விட்டு நகராது. அந்த வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. இன்றும் பழைய எஞ்சின் கூட்டங்களில் யாராவது ஒரு ரேஸ் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினால் ஏரிக்கரை முழுக்க அந்த வாசம்தான். வயதானவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும் என்றால், மெத்தனாலுக்கு 6.4 போதும். அப்படியானால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் உள்ளே போக வேண்டும். கார்புரேட்டர் ஜெட், ஊசி வால்வு, டாங்கிலிருந்து வரும் குழாய், எல்லாமே பெரிதாக வேண்டும். ஆவியாகும்போது மெத்தனால் நிறைய வெப்பத்தை உறிஞ்சும், அதனால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், கம்ப்ரஷனையும் கூட்டலாம். இங்கே ஒரு சிக்கல். நீங்கள் சொன்ன மாதிரி ஹெட்டைக் கழற்றிக் கடைவது பல மெர்க்குரிகளில் முடியாது. ஹெட் தனியாகக் கிடையாது, பிளாக்கோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். கேஸ்கெட் தொல்லை இல்லை என்பதுதான் விற்பனையில் பெருமை. ஆகவே கம்ப்ரஷனைக் கூட்ட பிஸ்டன் பக்கமிருந்து வர வேண்டும்.

மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, அது ஒரு ஆபத்து. இன்னொன்று, அது ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரிக்கும். பந்தயம் முடிந்த அன்றைக்கே பெட்ரோலில் ஆயில் கலந்து ஒருமுறை ஓட்டிக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பூத்துப்போய்விடும், விளக்கெண்ணெயும் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

---

முட்டம்_மெக்கானிக் எழுதியது:

அண்ணாச்சி, குமரி மாவட்டத்துக் கடற்கரையில அவுட்போர்டு பட்டறை வச்சிருக்கேன். எங்க வேலை எல்லாம் மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்கு வரும்முன் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்தினால்தான் அடுத்த நாள் காலையில் இழுத்ததும் பிடிக்கும்.

உங்க கேள்விக்கு என் பதில்: புரொப்பலர். ஒரே எஞ்சின், ஒரே வள்ளம், புரொப்பலரை மட்டும் மாற்றினால் ஓட்டமே வேற. வலை ஏற்றி வரும்போது ஒண்ணு, வெறும் வள்ளமா போகும்போது ஒண்ணு. எஞ்சினைக் குடைஞ்சு ஒரு குதிரைத்திறன் கூட்டுறதுக்குள்ள, புரொப்பலர் இலையின் பின்விளிம்பை லேசாத் தட்டி மடிச்சா கிடைக்கிற பிடிப்பு பெரிசு. ரேஸ்காரங்க இதைச் செய்யலையா?

---

விஸ்கான்சின்வாசி எழுதியது:

செய்யாமலா! நீங்கள் சொன்னதுதான் அவர்களின் முழுநேர வேலை. வெண்கலத்தில் வார்த்த இரட்டை இலைப் புரொப்பலர்கள். பின்விளிம்பை மடிப்பதைக் கப்பிங் என்பார்கள். இலையை மெலிதாக ராவுவது, முன்விளிம்பைக் கத்தி போலாக்குவது, இரண்டு இலையும் ஒரே எடையா என்று தண்டில் மாட்டிச் சுழற்றிப் பார்ப்பது என்று குளிர்காலமே போதாது. நல்ல ரேஸ்காரனிடம் ஒரு பெட்டி நிறையப் புரொப்பலர் இருக்கும். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் அலையடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுவான்.

ஒரு சின்னக் கணக்கு. பிட்ச் 12 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 1 அடி முன்னேற வேண்டும். புரொப்பலர் நிமிஷத்துக்கு 5,500 சுற்று சுற்றினால் 5,500 அடி, அதாவது மணிக்கு 62.5 மைல். தண்ணீர் மரக்கட்டை இல்லையே, திருகு நழுவும். 10 சதவீதம் நழுவினால் 56 மைல்தான் கையில். நழுவலை ஒரு சதவீதம் குறைத்தாலே அரை மைலுக்கு மேல் லாபம். அதே அரை மைலை எஞ்சினிலிருந்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எஞ்சின் குடைந்தவர்களுக்குத் தெரியும்.

மெர்க்குரியின் ரேஸ் மாடல்களில் குவிக்சில்வர் என்று ஒரு லோயர் யூனிட், அதாவது புரொப்பலரைத் தாங்கித் தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி, வந்தது. கையால் தூக்கிப் பார்த்தால் சின்ன மீன் மாதிரி ஒல்லியாக இருக்கும். கியர் மாற்றும் வசதி இல்லை, நியூட்ரல் இல்லை, ரிவர்ஸ் இல்லை. தண்ணீர் பம்ப் கூடக் கிடையாது, ஓடும் வேகத்தில் தானாக ஏறும் தண்ணீரில்தான் எஞ்சின் குளிரும். தண்ணீருக்குள் இருக்கும் பாகம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு இழுவை மிச்சம். எஞ்சினைப் பின்பலகையில் உயர்த்திக்கொண்டே போவார்கள், புரொப்பலரின் பாதி தண்ணீருக்கு வெளியே சுழலும் அளவுக்கு. கால் அங்குலம் அதிகமானால் திருப்பத்தில் பிடிப்பு விட்டு எஞ்சின் அலறும். கால் அங்குலம் குறைந்தால் நேர்ப்பாதையில் பின்தங்குவான்.

ஆக, என் கட்சியும் கிட்டத்தட்ட உங்கள் கட்சிதான் அண்ணாச்சி.

---

கோவை_லேத் எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. புரொப்பலரைத் தட்டுவது கைத்திறமை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாக் பிரிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தபோதே இந்த விளையாட்டின் உயிர் போய்விட்டது என்று நினைக்கிறேன். கடையில் வாங்கிய எஞ்சினை அப்படியே ஓட்ட வேண்டும் என்றால், பிறகு கம்பெனிதானே ஜெயிக்கிறது? வருஷா வருஷம் புது மாடல் வாங்கியவன் முன்னால் போவான்.

உண்மையான எஞ்சின் வேலை மெத்தனால் பிரிவில்தான் நடந்தது. இல்லினாயில் குவின்சி வெல்டிங் என்ற பட்டறையைப் பாருங்கள். மெர்க்குரியின் மேடு வைத்த பிஸ்டனை விட்டுவிட்டு, தட்டையான பிஸ்டனும், கலவை சிலிண்டருக்குள் வளைந்து சுழலும் லூப் முறைக் காற்றோட்டமும் கொண்ட சிலிண்டர் பிளாக்கைத் தாங்களே செய்தார்கள். 1960களில் ஒரு வெல்டிங் பட்டறை! லூப்பர் என்று பேர். மேடு வைத்த பிஸ்டன் என்றால் கனம் அதிகம், உச்சியில் சூடு தேங்கும், எரியறையின் வடிவமும் கோணலாக இருக்கும். அதை எடுத்த பிறகுதான் அந்த எஞ்சின்கள் முழு மூச்சு விட்டன. இது போன்ற ஒன்றை ஸ்டாக் விதிமுறைக்குள் யார் செய்திருக்க முடியும்?

---

சோழவரம்_ரசிகன் எழுதியது:

கோவை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெர்லினில் டீட்டர் கோனிக் என்பவர் அவுட்போர்டு ரேஸ் எஞ்சின் செய்தார், தானே படகும் ஓட்டினார். அவருடைய 500 சிசி, நாலு சிலிண்டர், படுக்கை வாட்டத்து டூ ஸ்ட்ரோக் எஞ்சினை அங்கே வேலை பார்த்த நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப் ஒரு மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்தார். 1973இல் அதை வைத்து யூகோஸ்லாவிய கிராண்ட் பிரீ ஜெயித்தார். எம்வி அகஸ்டா, யமஹா போன்ற பெரிய கம்பெனிகளுக்கு எதிராக ஒரு படகு எஞ்சின்! அந்த வருஷம் ஆகஸ்டில் சில்வர்ஸ்டோனில் நடந்த விபத்தில் இறந்துபோனார். சீசன் முடிவில் 500 சிசி உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் அவர் பேருக்குத்தான் வந்தது. பில் ரீடுக்கு அடுத்து.

பைக் உலகத்தில் இவரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும். எனக்கு எப்போதும் மனசு கனக்கிற கதை.

---

விஸ்கான்சின்வாசி எழுதியது:

நியூகோம்ப் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி.

கோவை ஐயா, குவின்சி லூப்பர் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி, நானும் அந்தப் பட்டறையைக் கும்பிடுகிறவன். ஆனால் ஸ்டாக் பிரிவு விளையாட்டைக் கொன்றது என்பதை ஏற்க மாட்டேன். நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

1920களின் கடைசியில் ஜான்சன், எவின்ரூட், எல்டோ என்ற கம்பெனிகள் ரேஸ் மோட்டார்களைப் போட்டி போட்டுச் செய்தார்கள். ஹட்சன் ஆற்றில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை 130 மைலுக்கு மேல் ஒரே ஓட்டம் நடந்தது. மிதந்து வரும் கட்டை, கப்பல் கிளப்பும் அலை, குளிர், எல்லாவற்றையும் ஒரு சின்னப் பலகைப் படகில் முழங்கால் போட்டபடி தாண்ட வேண்டும். அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. ஜான்சன் கம்பெனியே கடனில் மூழ்கிக் கைமாறியது, 1936இல் எவின்ரூட்டோடு சேர்ந்து அவுட்போர்டு மரீன் ஆனது. ரேஸ் மோட்டார் தயாரிப்பு படிப்படியாக நின்றது. பழைய ஜான்சன் பிஆர் மோட்டார் வைத்திருந்தவர்கள் பாகங்களைத் தாங்களே கடைந்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் போட்டு, பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் புதிதாக ஒரு பையன் உள்ளே வர நினைத்தால் அவனுக்கு மோட்டார் எங்கே கிடைக்கும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940களின் கடைசியில், அந்தக் கதவைத் திறந்தது ஸ்டாக் பிரிவு. ஒரு மெர்க்குரி கேஜி-7 வாங்கினால் போதும். தகட்டில் 10 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும், நிஜத்தில் அதைவிடக் கணிசமாக அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். தண்ணீர் மேல் எழும்பி ஓடும் ரேஸ் படகான ஹைட்ரோபிளேனில் மாட்டினால் 50 மைலைத் தாண்டும். கம்பெனிக்கு லாபம் இல்லாமலா? கீக்ஹேஃபர் ஜெயித்த பந்தயங்களை விளம்பரமாக்கத் தெரிந்தவர். 1958இல் ஹ்யூ என்ட்ராப் சியாட்டிலில் ஆறு சிலிண்டர் மெர்க்குரியை வைத்து மணிக்கு 107 மைல் ஓட்டினார், அந்த மாதிரிச் செய்தி கடைக்குக் கூட்டத்தைக் கொண்டுவரும். ஆனால் வார இறுதியில் ஜெயித்த பையனுக்கு அந்தப் புது எஞ்சின் பாதிதான் உதவியது.

மீதிப் பாதி அவன் கைவேலை. ஸ்டாக் என்றால் தொடக்கூடாது என்று அர்த்தமில்லை, அளவு மீறக்கூடாது. பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவன் எஞ்சினைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆய்வாளர் போர், ஸ்ட்ரோக், போர்ட் உயரம், கார்புரேட்டர் தொண்டை, எல்லாவற்றையும் கேஜ் வைத்து அளப்பார். விதி ஒரு அளவுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் கொடுத்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் எஞ்சினில் ஒரு அளவு மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். கெட்டிக்காரன் ஒவ்வொன்றையும் தனக்குச் சாதகமான வரம்பின் ஓரத்துக்குக் கொண்டு போவான். இரண்டு சிலிண்டருக்கும் போர்ட் ஒரே உயரத்தில் திறக்கிறதா, கிராங்க் நேராக இருக்கிறதா, ஸ்பார்க்கை வெட்டி விடும் பாயிண்ட்டின் இடைவெளி இரண்டுக்கும் ஒன்றா என்று பார்ப்பான். வெளியில் பார்த்தால் கடை எஞ்சின். கயிறு இழுத்தால் வேறு எஞ்சின்.

பிளக் பார்ப்பதும் ஒரு கலை. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போதே இக்னிஷனை வெட்டிவிடுவார்கள். மெதுவாகக் கரைக்கு வந்தால் கதை மாறிவிடும், அதனால் அப்படியே நடு ஏரியில் மிதந்தபடி பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பீங்கான் லேசான காபி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை. கறுப்பு என்றால் அதிகம். ஒரு ஜெட் மாற்றிவிட்டுத் திரும்பவும் ஓட்டம்.

---

கோவை_லேத் எழுதியது:

வரம்பின் ஓரத்துக்குக் கொண்டு போவது பற்றிச் சொன்னது நியாயம்தான். லேத்தில் நிற்கிற எனக்கு அந்த வேலையின் அருமை தெரியும். புதிய ஆட்களுக்குக் கதவு திறந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனசு லூப்பர் பக்கம்தான்.

ஒரு கேள்வி: நியூட்ரல் இல்லை என்றால் ஸ்டார்ட் எப்படி?

---

விஸ்கான்சின்வாசி எழுதியது:

ஃப்ளைவீல் தலையில் கயிற்றைச் சுற்றி இழுப்பது, ஐயா. தானாகச் சுருண்டுகொள்ளும் ஸ்டார்ட்டர் கிடையாது. கரை ஓரம் முழங்கால் தண்ணீரில் ஒரு நண்பர் படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார், புரொப்பலர் தண்ணீரைத் தொடாது. ஓட்டுநர் இழுத்ததும் எஞ்சின் பிடிக்கும், நண்பர் கீழே விடுவார், படகு பாயும். த்ராட்டில் கையில் அழுத்திப் பிடிக்கும் நெம்புகோல், ஸ்பிரிங் போட்டது. ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் கை விட்டவுடன் தானாக மூடிக்கொள்ளும்.

பந்தயத் தொடக்கமும் நின்ற இடத்திலிருந்து கிடையாது. ஒரு பெரிய கடிகாரம் கடைசி நிமிஷத்தைக் காட்டும். எல்லாப் படகும் பின்னால் வட்டமடித்துக்கொண்டே இருந்து, முள் பூஜ்யத்துக்கு வரும் நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். அரை நொடி முந்தினால் அந்தச் சுற்றே போச்சு.

---

யாழ்_டொரண்டோ எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் பருத்தித்துறைப் பக்கம், இப்ப கனடாவில். எங்கட ஊரில் பைபர் போட்டில் 15 குதிரைவலு எஞ்சின் பூட்டித் தொழிலுக்குப் போன குடும்பம். இந்த இழையை ஒரே மூச்சில் வாசிச்சன்.

இங்கே பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் வீட்டை விற்கிறார். கராஜில் தூசிக்குள் ஒரு மெர்க்குரி இருந்தது, கேஜி-7, கீழ்ப்பகுதி நீங்கள் சொன்ன ஒல்லிக் குவிக்சில்வர். எனக்குத் தந்துவிட்டார். ஃப்ளைவீல் கையால் சுற்றுது, ஆனால் ஸ்பார்க் இல்லை. என்ன செய்யலாம்?

---

முட்டம்_மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதல்ல இழுத்து இழுத்துப் பார்க்கிறதை நிறுத்துங்க. உள்ளே துரு இருந்தா போரில் கோடு விழுந்திடும். பிளக் இரண்டையும் கழற்றி, ஓட்டை வழியா ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்க. அப்புறம் கையால மெதுவாச் சுற்றுங்க.

ஸ்பார்க்குக்கு: ஃப்ளைவீலைத் தூக்கினா கீழே ஸ்பார்க்குக்கு மின்சாரம் தர்ற மேக்னெட்டோ. ஃப்ளைவீலைச் சுத்தியலால அடிச்சுக் கழற்றாதீங்க, புல்லர் போடுங்க. பாயிண்ட் முகத்துல பச்சை பூத்திருக்கும், நைஸ் உப்புத்தாள் ஒரு தடவை இழுத்து, பெட்ரோலில் துடைச்சு, பீலர் கேஜ் வச்சு இடைவெளி பாருங்க. கண்டென்சரைப் பழசை நம்பாம புதுசு போடுங்க. காயில் மேல வெடிப்பு இருந்தா அதையும் மாற்றணும். முக்கால்வாசி இதுலயே ஸ்பார்க் வந்திடும்.

---

விஸ்கான்சின்வாசி எழுதியது:

அண்ணாச்சி சொன்ன வரிசையிலேயே போங்கள் தம்பி. கிராங்க் சீலையும் பாருங்கள், டூ ஸ்ட்ரோக்கில் அது கசிந்தால் கிராங்க்கேஸ் காற்றை இழுத்துவிடும், எஞ்சின் சூடாகி இறுகும். ஆயில் முதலில் கொஞ்சம் தாராளமாகவே கலக்குங்கள்.

ஸ்பார்க் வந்ததும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அங்கேதான் கவனம். உங்கள் லோயர் யூனிட்டில் பம்ப் இல்லை என்றால் நின்ற இடத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறாது. தோட்டக் குழாயிலிருந்து தண்ணீரை நேராக பிளாக்கின் நீர்வழியில் கொடுத்தபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் சில நொடிகளில் நிறுத்திவிடுங்கள். ரேஸ் புரொப்பலரை மாட்டி டிரம்மில் ஓட்டவே வேண்டாம், தண்ணீரையெல்லாம் வெளியே வாரி இறைத்துவிடும். அதற்கென்று குட்டை இலை வைத்த சோதனைச் சக்கரம் பழைய எஞ்சின் சந்தைகளில் கிடைக்கும்.

1965இல் தொடங்கிய ஆன்டீக் அவுட்போர்டு மோட்டார் கிளப் இன்னும் நடக்கிறது, கனடாவிலும் உறுப்பினர்கள் உண்டு. பாகங்களுக்கு அங்கே கேளுங்கள். அந்த முதியவர் வீட்டைக் காலி செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: புரொப்பலர் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கராஜில் குவிக்சில்வர் வைத்திருந்தவர் வீட்டில் நிச்சயம் ஒன்றுக்கு மேல் இருக்கும். இலை மேல் தட்டிய சுத்தியல் தடம் தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், முட்டம் அண்ணாச்சியும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.

---

யாழ்_டொரண்டோ எழுதியது:

மிக்க நன்றி இரண்டு அண்ணைமாருக்கும். இப்பவே போய்க் கேட்கிறன்.